என் சீட்டில் மணல் மூட்டை

"உன் எடை எவ்வளவு, பாப்பா?" என்று அண்ணன் தன் டயர் கடை நடுவில் நின்றுகொண்டு கேட்டான். காற்றடிக்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஐம்பதைத் தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிடுவது ஒரு கூத்து. ஊரறிய எடை கேட்பது அதைவிடப் பெரிய கூத்து.

"போகும்போதா, வரும்போதா?" என்று கேட்டேன்.

அண்ணன் விழித்தான். என் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. அளவு நாடாவை இழுப்பதும் விடுவதுமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடும். வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினோடு கட்டிப்போட்டு அதை உறிஞ்சி எடுப்பார்கள். அதனால் போகும்போது ஒரு எடை, வரும்போது வேறு எடை. ஒரே நாளில் இப்படி இளைக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"கூடுன எடையையே சொல்லு. கனம் ஏறுறப்பதான் டயர் போய் மட்கார்டுல இடிக்கும்," என்றான் அண்ணன்.

சொன்னேன். அந்த எடைக்குச் சரியாக ஒரு சாக்கில் மணல் நிரப்பச் சொல்லி ஆள் அனுப்பினான். ஜீப்பைச் சோதித்துப் பார்க்கும்போது எனக்குப் பதிலாக என் சீட்டில் உட்கார வேண்டிய மூட்டை அது. அந்த மூட்டையை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. முதலில் ஜீப் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருந்தது மலைமேல், குடிநீருக்காகக் கட்டிய அணையை ஒட்டி. அவர் அங்கே மதகு பார்க்கிறவர். மழைக்காலத்தில் காலையும் மாலையும் நீர்மட்டம் பார்த்துக் கீழே தகவல் சொல்ல வேண்டும், மதகைத் திறந்து மூட வேண்டும். அவர் இறங்கிப்போய்க் கீழே உட்கார்ந்துகொண்டால் டவுன் மூழ்கிவிடும். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குவார்ட்டர்ஸ்தான் எங்களுக்கு வீடு. பிள்ளை இல்லை. அக்கம்பக்கம் இல்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் தண்ணீர், வாசல் கதவைத் திறந்தால் பாறை. நான் பேசுவேன், அவர் கேட்பார். அப்படியே காலம் ஓடிவிட்டது.

டவுனுக்கு இறங்குவதற்குக் கல்லும் மண்ணுமாக ஒரே ஒரு பாதை. பாதி வழியில் ஓர் ஓடை, அதன்மேல் சின்னப் பாலம். போன மழையில் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. புதுப் பாலம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்றார்கள். ஒரு செங்கல்கூட வந்து சேரவில்லை.

பாலம் போனதில் நான் ஆஸ்பத்திரிக்குப் போவது ஒரு தடவை தவறியது. அடுத்த தடவையும் தவறியது. படுத்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறி மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிவைத்து உட்கார்ந்தே கிடந்தேன். அணையில் நிறைந்த தண்ணீரைத் திறந்துவிட அவரிடம் சாவி இருந்தது. எனக்குள் நிறைந்ததைத் திறந்துவிட ஒன்றும் இல்லை. மனுஷன் அறைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து தேய்ந்தார். கடைசியில் மண் அள்ளுகிற இயந்திரத்தை வரவழைத்து, அதன் வாளியில் என்னைப் போர்வையோடு உட்காரவைத்து ஓடையைத் தாண்டினார்கள். பிழைத்தேன். டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி விட்டால் ஆள் மிஞ்ச மாட்டாள் என்று சொன்னது கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கும் கேட்டது.

அண்ணன் அன்றைக்கே பேச்சை எடுத்தான். "மாப்ள, மழைக்காலத்துக்குப் பாப்பா எங்க வீட்டுலயே இருக்கட்டும். பின்னாடி ரூம் சும்மாதானே கிடக்கு."

அண்ணி சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. அந்த அறையில் கிடக்கிற சாமான்களை எங்கே தூக்கிப் போடுவது என்று யோசித்தாள், அது முகத்தில் தெரிந்தது, அவ்வளவுதான். எனக்கு அங்கே போக இஷ்டமில்லை. சாவு வருவதாக இருந்தால் வரட்டும், என் வீட்டுக்கு வரட்டும், என் ஜன்னல் பக்கத்தில் வைத்து என்னைக் கூட்டிக்கொண்டு போகட்டும். இதைத் தவிர எனக்கு வேறு ஆசையே கிடையாது. வாய்விட்டுச் சொல்லத்தான் வரவில்லை. அவர்தான் வாயைத் திறந்தார்.

"ஜீப்பைத் தூக்கிடலாம், மச்சான்."

நீ இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்பதை அந்த மனுஷனுக்கு அப்படித்தான் சொல்லத் தெரிந்தது. எனக்குப் புரிந்தது, அது போதும்.

ஜீப்பைத் தூக்குவது என்றால் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியின் உடம்பை உயர்த்துவது. அது சுலபமாக முடிந்துவிட்டது. ஆனால் ஸ்பிரிங் எவ்வளவு உயர்ந்தாலும் சக்கரங்களுக்கு நடுவே ஓடுகிற அச்சு இருந்த இடத்தில்தான் இருக்கும், ஓடைக் கல்லில் அதுதான் போய் முட்டும் என்று அண்ணன் சொன்னான். அச்சு உயர வேண்டுமானால் பெரிய டயர் ஒன்றுதான் வழி. என்ன டயர், என்ன ரிம்? அங்கே பிடித்தது சனியன்.

எந்நேரமும் இரண்டு பேருக்கும் டயர் பேச்சுத்தான். சோறு ஆறிப்போகும், போனில் டயர். அண்ணன் அகலமான டயர் என்பான், இவர் ஒல்லி டயர் என்பார்.

"அகலம் போட்டா வண்டி கம்முனு நிக்கும், மாப்ள. ஏற்கெனவே ஒட்டகம் மாதிரி உயரமாகிப் போச்சு. ஒல்லியா போட்டா ஆடும்."

"ஓடையில மேலதான் சேறு, மச்சான். அடியில கல்லு. அகல டயர் சேத்து மேலயே மிதக்கும். ஒல்லி டயர்னா சேத்தை அறுத்துக்கிட்டுப் போய்க் கல்லைப் பிடிக்கும்."

மனுஷன் ஒரு மாசத்தில் பேசுகிற பேச்சை ஒரே மூச்சில் பேசினார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன், "ஏங்க, என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி இதுல கால்வாசியாவது யோசிச்சீங்களா?"

"அதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். சிரிக்கவே இல்லை. எனக்குத்தான் கண் கலங்கியது, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டயர் ஒருவழியாக முடிந்தது. நடுத்தர அகலம், நல்ல உயரம், பட்டன் பட்டனாகக் கட்டை விரல் தடிமனுக்குத் துருத்திக்கொண்டு நிற்கிற சேற்று டயர். அதன்பிறகு ரிம் வந்தது. பளபளவென்று அலாய் ரிம் ஒன்றை அண்ணன் எடுத்துக் காட்டினான். கல்லில் மோதினால் அது விரிசல் விடும், இரும்பு ரிம் என்றால் நெளியும், நெளிந்ததைச் சுத்தியலால் தட்டிப் போய்விடலாம் என்று இவர் சொன்னார். ஒருத்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வண்டி வழியில் நிற்கக் கூடாது அல்லவா? இரும்பு என்று முடிவானது. அதற்குமேல் இன்னொரு வம்பு. சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்துகிற மாதிரி ஒரு ரிம் இருக்கிறதாம், அதைப் போட்டால் வண்டி சாயாதாம். ஆனால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் போய் மட்கார்டைத் தின்னுமாம். எவ்வளவு தள்ளலாம் என்பதற்கு வாசல் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வட்டம் வட்டமாகப் போட்டு வைத்திருந்தார். நான் பெருக்கும்போது வட்டங்களைச் சுற்றிப் பெருக்கினேன்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் டயரை மாட்டி அனுப்பிவிடுகிற ஆள் இல்லை. டயர் இடிக்கிறதா என்பதைக் கடைத் தரையில் வண்டி நிற்கும்போது பார்த்தால் அது பார்த்ததே ஆகாது என்பான். ஆள் ஏறி, சுமை ஏறி, ஒரு சக்கரம் பாறைமேலும் ஒரு சக்கரம் பள்ளத்திலும் நிற்க, ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பார்க்க வேண்டும். அதற்காகக் கடைக்குப் பின்னால் கல்லைக் குவித்து மேடு ஒன்று வைத்திருந்தான். அதற்காகத்தான் என் எடை. நானே ஏறி உட்காருகிறேன் என்றேன். வண்டி சாய்ந்து கீய்ந்து வைத்தால் என்ன ஆவது, நீ சும்மா நாற்காலியில் உட்கார் என்று இருவரும் ஒரே குரலில் அதட்டினார்கள்.

மணல் மூட்டை வந்தது. கடை ஆட்கள் இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஏலேலோ என்று தூக்கி என் சீட்டில் போட்டார்கள். அண்ணன் அதற்கு பெல்ட்டும் மாட்டினான். "பாப்பா ரெடி," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜீப் கல்மேட்டில் ஏறியது. முன்சக்கரம் மட்கார்டுக்குள் போய் நின்றது. அவர் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் முழுசாக, அந்தப் பக்கம் முழுசாக ஒடித்தார். அண்ணன் கீழே படுத்துக்கொண்டு டயருக்கும் தகரத்துக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தான். ஒரு இடத்தில் லேசாக உரசியது. அந்த ஓரத்தை வெட்டி மடித்தார்கள். கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறுகிற படி பாறையில் இடித்தது. அதையும் கழற்றிப் போட்டார்கள். மறுபடி ஏற்றிப் பார்த்தார்கள். எங்கேயும் இடிக்கவில்லை, உரசவில்லை. அண்ணன் எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு அவரைக் கட்டிப்பிடித்தான். என் வீட்டுக்காரர் அப்படிப் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

"வா, ஏறு," என்றார் என்னிடம். மூட்டையைப் பின்னால் தள்ளிவிட்டு எனக்குக் கதவைத் திறந்துவைத்திருந்தார்.

நான் போய் நின்றேன். சீட் என் நெஞ்சுக்கு நேரே இருந்தது. படி இருந்த இடத்தில் காற்றுதான் இருந்தது. ஏறுவதற்குப் பிடிக்கிற கைப்பிடி முன்கண்ணாடி ஓரத்தில், என் இடதுகைக்கு வாகாக இருந்தது. அந்தக் கையால்தான் நான் எதையும் பிடித்துத் தொங்கக் கூடாது. மணிக்கட்டுக்கு மேலே இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்து, டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆக்கிவைத்த கை அது. பையைத் தூக்கக் கூடாது, வளையல் இறுக்கக் கூடாது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கக்கூடக் கூடாது என்று சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

"எல்லாத்தையும் அளந்தீங்களே," என்றேன். "இந்தக் காலை அளந்தீங்களா?"

மூட்டை தானாக ஏறியிருந்தால் அவர்களுக்குத் தோன்றியிருக்கும். அதைத் தூக்கிப் போட இரண்டு ஆள் இருந்தார்கள். அண்ணன் கீழே கிடந்த படியைப் பார்த்தான், பிறகு கல்மேட்டைப் பார்த்தான். அவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஐயோ, ஏன்தான் அப்படிக் கேட்டுத் தொலைத்தேனோ என்று ஆகிவிட்டது.

"சரி விடுங்க. மாடிவீடு கட்டிட்டீங்க, ஏணி வைக்க மறந்துட்டீங்க. ஒரு ஸ்டூல் போடுங்க, ஏறிட்டுப் போறேன்," என்றேன்.

அன்றிலிருந்து அந்த ஜீப்புக்கு மாடிவீடு என்றே பெயர் ஆனது. அவர் பழைய மதகுப் பலகையை அறுத்து இரண்டு படி வைத்து ஒரு ஸ்டூல் செய்தார். தண்ணீரில் எத்தனை காலம் கிடந்தாலும் ஊறாத மரம். நான் ஏறும்போது அவர் பின்னால் நின்று இடுப்பைத் தாங்கி உந்திவிடுவார். ஏறியதும் ஸ்டூலை எடுத்துப் பின்னால் போடுவார். ஆஸ்பத்திரி வாசலில் அதே ஸ்டூலை இறக்குவார். இவ்வளவு அலங்காரமாக ராணிகூட இறங்கியிருக்க மாட்டாள் என்று வாட்ச்மேனுக்கு ஒரே சிரிப்பு.

மழை பிடித்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், டயர் என்றால் அதுதான் டயர். ஓடையில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போகும், ஜீப் உறுமிக்கொண்டு இறங்கும், சேற்றை அறுத்துக் கல்லைப் பிடித்து அக்கரை ஏறும். ஒரு தடவைகூட வழுக்கவில்லை. அக்கரை ஏறியதும் அவர் என்னை ஓரக்கண்ணால் பார்ப்பார். நான் "பரவால்ல" என்பேன். அதற்குமேல் சொன்னால் கர்வம் வந்துவிடும். ஒரு தடவையும் டயாலிசிஸ் தவறவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து என் கட்டிலில் படுத்து, ஜன்னலுக்கு வெளியே அணை நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி இப்படியே போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. நினைக்காமலே இருந்திருக்கலாம்.

காலையில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. நீர்மட்டம் பார்க்கப் போவதற்கு முன்னால் என் இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைப்பார். அங்கே தோலுக்கடியில் ரத்தம் 'ர்ர்ர்' என்று அதிர்ந்துகொண்டே ஓடும். அந்த அதிர்வு இருக்கிறவரைக்கும்தான் கை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "ஓடுது," என்பார். கீழே போனில் மதகைப் பற்றிச் சொல்கிற அதே குரலில் சொல்வார். அதைக் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடியும்.

நாளாக ஆக என் கால்கள் வீங்கின. ஸ்டூலின் இரண்டாவது படிக்குக் காலைத் தூக்க முடியவில்லை. அவர் உந்துகிற உந்து அதிகமானது. அவருக்கும் வயசாகிவிட்டது. என்னை ஏற்றி முடித்துவிட்டு ஜீப்பைச் சுற்றி வரும்போது பானெட்டில் கையை ஊன்றி மூச்சு வாங்குவதைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். ஏறி உட்கார்ந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி, "டயர்ல காத்து கொஞ்சம் இறக்கணும், கல்லுல தூக்கிப் போடுது," என்பார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். ஓடையின் அக்கரையில் மண் சரிந்து பாதை குறுகியிருந்தது. சாலைக்காரர்கள் நான்கைந்து பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். அவர்களில் மேஸ்திரி மாதிரி இருந்தவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தப் பக்கம் ஓரம் பொத்துப் போயிருக்குய்யா. அம்மாவை இறக்கிட்டு வெறும் வண்டியா ஏத்துங்க. சாய்ஞ்சுதுன்னா ரெண்டு பேரும் போயிருவீங்க."

"இல்ல, அவ இறங்க மாட்டா," என்றார் இவர்.

"நான் இறங்கறேன்," என்றேன். அவர் இவ்வளவு பாடுபட்டு உயர்த்திய வண்டி அந்த உயரத்தாலேயே கவிழ்ந்து அவரையும் கொண்டுபோகட்டுமா? ஸ்டூலை வைத்து இறக்கினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு ஆட்கள் என்னைத் தாங்கிப் பிடித்துச் சரிவைத் தாண்டி நடத்திக் கூட்டிப்போனார்கள். அவர் ஜீப்பை ஏற்றினார். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்க, மற்ற மூன்றும் மண்ணைக் கவ்விக்கொண்டு ஏறின. "யப்பா, என்னா டயருய்யா!" என்று ஒருத்தர் விசிலடித்தார்.

ஏறி நின்ற இடமும் சரிவுதான். ஸ்டூலைச் சேற்றில் வைத்தார். என்னைப் பின்னாலிருந்து தாங்கினார். முதல் படி ஏறினேன். இரண்டாவதில் காலை வைத்து எடையைக் கொடுத்த நேரம், ஸ்டூலின் ஒரு கால் சேற்றுக்குள் புதைந்து சாய்ந்தது. அவர் வழுக்கி முட்டி போட்டு விழுந்தார். எனக்குக் கீழே ஒன்றும் இல்லை. கை தானாகப் போய்க் கைப்பிடியைப் பிடித்தது, இடது கை. என் மொத்தக் கனமும், அண்ணன் மூட்டை கட்டிய அந்தக் கனம் முழுவதும், அந்த ஒரு கையில் தொங்கியது. சாலைக்காரர்கள் ஓடி வந்து காலைப் பிடித்துத் தூக்கி என்னை உள்ளே தள்ளினார்கள். மூட்டை மாதிரித்தான் விழுந்தேன்.

"கை? கை?" என்று அவர் கேட்டுக்கொண்டே ஏறினார். முழங்கால் வரை சேறு.

"ஒண்ணும் இல்ல, ஓட்டுங்க."

விரலை வைத்துப் பார்த்தேன். அதிர்வு இருந்தது. இருந்ததா? அந்த டயருக்குத் தார் ரோட்டில் ஏறியதும் ஒரு உறுமல் உண்டு. பட்டன்கள் ரோட்டில் அடித்து அடித்து வண்டி முழுக்க, சீட்டெல்லாம், பல்லெல்லாம் அதிரும். எது கையின் அதிர்வு, எது டயரின் அதிர்வு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு போனேன். கடவுளே, இருக்கட்டும், இருக்கட்டும் என்று வழியெல்லாம் வேண்டினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இஞ்சினை நிறுத்தினார். உறுமல் நின்றது. என் கையும் நின்றுபோயிருந்தது.

அவர் இறங்கிச் சுற்றி வந்து, ஸ்டூலை எடுக்காமல், என் மணிக்கட்டில் விரலை வைத்தார். கொஞ்சம் மேலே வைத்தார். கீழே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் தேடினார். அவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரும் வரும் என்று நானும் காத்திருந்தேன். அது வரவே இல்லை.

சிஸ்டர் காதுக்குழாயை வைத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். ரத்தம் உறைந்துவிட்டது, திறந்து பார்த்தும் பயனில்லை. வேறு இடத்தில் தைக்க எனக்கு நரம்பு போதாது. கழுத்தில் குழாய் ஒன்றைச் செருகித் தைத்தார்கள். இனி டயாலிசிஸ் அதன் வழியாகத்தான். அதில் கிருமி ஏறினால் காய்ச்சல் கண்ட உடனே ஓடி வர வேண்டும். "இனிமே கீழேதாம்மா இருக்கணும். மேல போறதை மறந்துடுங்க," என்றார் டாக்டரம்மா. நல்ல மனுஷி, சொல்லும்போது என் தலையைத் தடவினார். எனக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல் இருந்தது.

அண்ணி பின்னறையைக் காலி பண்ணிக் கொடுத்தாள். புதுத் தலையணை உறை போட்டாள். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சந்தும், எதிர் வீட்டுச் சுவரும், அதில் ஒரு தண்ணீர்க் குழாயும் தெரியும். நாள் முழுக்க அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அண்ணன் கடையிலிருந்து வந்ததும் காலடியில் உட்காருவான். "நான்தான் பாப்பா அந்தப் படியைக் கழட்டினது," என்று ஒருநாள் சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். "போடா லூசு," என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் காலை நீர்மட்டத்துக்கும் மாலை நீர்மட்டத்துக்கும் நடுவே இறங்கி வருவார். மூன்று தெரு தள்ளி வரும்போதே அந்த டயர் உறுமல் எனக்குக் கேட்டுவிடும். சந்து குறுகல் என்று சொல்லித் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார். வந்து நாற்காலியில் உட்கார்ந்து அணையைப் பற்றிச் சொல்வார். பழக்க தோஷத்தில் என் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார், விரலை மட்டும் வைக்க மாட்டார்.

"மழை நிக்கட்டும்," என்றார் ஒருநாள். "ஓடை வத்திடும். பழைய ஸ்பிரிங், பழைய டயரே போட்டுடறேன். தாழ்வாயிடும். நீ உக்காந்த மாதிரியே ஏறிக்கலாம். கூட்டிட்டுப் போயிடறேன்."

டாக்டரம்மா சொன்னது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். காய்ச்சல் வந்தால் வரட்டும். கழுத்தில் குழாயோடு என் ஜன்னல் பக்கத்தில் கிடந்து சாகிறேன், அது என் பாடு. சின்ன டயர் என்ன அளவு, அதில் சீட் எவ்வளவு உயரத்தில் வரும் என்று நானே கேட்க ஆரம்பித்தேன். அவரும் வந்தபோதெல்லாம் சொன்னார். என் முழங்காலிலிருந்து பாதம் வரை நாடாவை வைத்து அளந்துகூடப் பார்த்தார். அந்தப் பேச்சில்தான் நான் உயிரோடு இருந்தேன்.

மழை நின்றது. சந்தில் வெயில் விழுந்தது. நாளைக்கு வருகிறேன் என்று அவர் போன் பண்ணினார், கூட்டிப்போகத்தான் என்று எடுத்துக்கொண்டேன். என் துணிகளை ஒரு பையில் எடுத்துவைக்கும்படி அண்ணியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு எடுத்துவைத்தாள். மறுநாள் தலை வாரிவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பழைய டயருக்குச் சத்தமே இருக்காது. வாசலில் வந்து நிற்கிறவரைக்கும் தெரியாது.

மூன்று தெரு தள்ளி உறுமல் கேட்டது.

வேறு வண்டியாக இருக்கும் என்று நினைத்தேன். உறுமல் நெருங்கியது, சந்துக்குள் திரும்பியது, ஜன்னலுக்கு நேரே வந்து நின்றது. அதே பட்டன் டயர், அதே உயரம். என் சீட் என் ஜன்னல் மட்டத்துக்கு இருந்தது. அதில் மணல் மூட்டை உட்கார்ந்திருந்தது, பெல்ட் போட்டபடி.

அவர் இறங்கி உள்ளே வந்தார். கட்டில்மேல் இருந்த பையைப் பார்த்தார். வாரிவிட்ட தலையைப் பார்த்தார். நாற்காலியில் உட்காரவே இல்லை.

"அந்தப் பக்கம் வெத்தா இருந்தா வண்டி தூக்கித் தூக்கிப் போடுது," என்றார். "அதான் மூட்டையை..."

"எப்பத்துலருந்து?"

"நீ இங்க வந்த மறுநாள்லருந்து."

அப்படியானால் சின்ன டயர், தாழ்ந்த சீட், முழங்கால் அளவு எல்லாம் எதற்கு? எனக்காகவா, அவருக்காகவா? கேட்கவில்லை. கூட்டிக்கொண்டு போக வருகிறவன் சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு வருவான். அந்த மனுஷன் இத்தனை நாளும் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார், நான் மூட்டையைப் பார்த்துவிடக் கூடாது என்று. இன்றைக்கு என்னிடம் வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஜன்னலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"டாக்டரம்மா போன் பண்ணாங்களா, மேல கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு?" என்று கேட்டேன்.

ஆமாம் என்று தலையை ஆட்டினார். பிறகு முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர் அழுது பார்த்ததில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. எழுந்துபோய்ச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. அதற்குக் கால் வேண்டும்.

"நான் இப்ப அவ்வளவு கனம் இல்லைங்க," என்றேன். "மூட்டையில கொஞ்சம் மணலைக் கொட்டிடுங்க. சரியா இருக்கும்."

மாலை நீர்மட்டம் பார்க்க நேரமாகிவிட்டது. அவர் என் இடது கையை எடுத்துக் கொஞ்சம் பிடித்திருந்து, கட்டிலில் மெதுவாக வைத்துவிட்டுப் போனார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி உட்கார்ந்து, இஞ்சினைப் போடுவதற்கு முன்னால், மூட்டை சாய்ந்திருந்ததை நிமிர்த்தி உட்காரவைத்தார். பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்தார்.

வண்டி வீட்டுக்குப் போனது.